கப்பலுக்கு நேரே இருபத்தேழு மீற்றர்

நில அளவையாளன் குடையைத் தொலைக்கலாம். மூக்குக்கண்ணாடியைத் தொலைக்கலாம். கல்யாண வீட்டில் செருப்பைத் தொலைத்துவிட்டு வேறொருவருடையதைப் போட்டுக்கொண்டு வரலாம் (வந்திருக்கிறேன், என்னுடையதைவிட நல்ல செருப்பு). அவன் தொலைக்கக் கூடாதது ஒன்றே ஒன்றுதான்: இடம். கல் எங்கே இருக்கிறது, வேலி எங்கே இருந்தது என்று சொல்வதற்குத்தான் ஊர் அவனைக் கூப்பிடுகிறது. இருபத்து மூன்று வருடமாக அந்த வேலையைச் செய்துகொண்டும், அதைப் பற்றி அடுத்தவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டும் இருந்த நான், ஒரு மார்கழிச் சனிக்கிழமை, பட்டப்பகலில், நாற்பது பிள்ளைகளுக்கும் எங்கள் சங்கத்து அங்கத்தவர் அத்தனை பேருக்கும் முன்னால் ஓர் இடத்தைத் தொலைத்தேன்.

எங்கள் நில அளவையாளர் சங்கம் ஒவ்வொரு வருடமும் கிறிஸ்மஸை ஒட்டி ஒளிவிழா வைக்கும். கந்தளாய்ப் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு சிறுவர் விடுதியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்து, பாட்டு, விளையாட்டு, சாப்பாடு, பரிசு என்று ஒரு நாள். சங்கத்தில் சைவர், கத்தோலிக்கர், முஸ்லிம், சிங்களவர் எல்லாரும் உண்டு. கேக் வெட்டும் நேரத்தில் எல்லாருக்கும் ஒரே சமயம்தான்.

குறை என்னவென்றால், பரிசு கொடுக்கிற விதம். தலைவர் நாகேந்திரம் சேர் மேடையில் நிற்பார். பிள்ளை வரும். பார்சலின் ஒரு மூலையைப் பிள்ளையும் மறு மூலையை சேரும் பிடித்துக்கொண்டு கமராவைப் பார்க்க வேண்டும். நாற்பது பிள்ளைகள், நாற்பது படம். பார்சலைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளையை, "இஞ்ச பார், இஞ்ச பார்" என்று கமராக்காரர் திருப்புவார். அந்த வருடத் திட்டமிடல் கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன்.

"நாங்கள் சர்வேயர்மார். பிள்ளையளுக்கு எங்கட தொழிலைக் காட்டுவம். பரிசையெல்லாம் கடற்கரையில புதைப்பம். குறிப்பைக் குடுப்பம். அளந்து, நடந்து, அவையளே கண்டுபிடிக்கட்டும்!"

பலத்த கைதட்டல். அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் நான் அங்கத்தவர் செயற்பாட்டுச் செயலாளர் ஆகிவிட்டேன். ஆலோசனை சொன்னவர் தலையிலேயே வேலையைக் கட்டுவது எங்கள் சங்கத்து வழக்கம். (அதனால்தான் எங்கள் கூட்டங்கள் அவ்வளவு அமைதியாக நடக்கும்.)

பிள்ளைகள் தங்களுக்கு என்ன வேண்டும் என்று கடிதம் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதங்களை அங்கத்தவர்கள் பங்குபோட்டு எடுத்துக்கொண்டோம். சில்லு வைத்த புத்தகப் பை, வர்ணப் பெட்டி, கால்பந்து, கண்ணாடி வளையல். ஒரு பொடியன் 'எனக்கு மட்டும் ஒரு டோச் லைட்' என்று எழுதி, 'மட்டும்' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தான். விடுதிப் பொறுப்பாளரான சிஸ்டர் போனில் சொன்னார்: "எங்கட பிள்ளையளுக்கு எல்லாம் பொதுதான். கட்டில் பொது, சீப்பும் பொது. பேர் எழுதி வாறது வருசத்தில இது ஒண்டுதான். பேர் எழுத மறந்திடாதேங்கோ." எல்லாப் பார்சலிலும் கொட்டை எழுத்தில் பெயர் எழுதினோம்.

இனி இடம். உள்துறைமுகத்து ஓரமாக, அரைநிலாப்போல் வளைந்த ஒரு மணல்கரை. மணலுக்குப் பின்னால் ஒற்றை வேப்பமரம். எதிரே, தண்ணீரில், அந்தக் கப்பல்.

அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏதோ வழக்கில் மாட்டி மூன்று வருடமாக அதே இடத்தில் நின்றது. துருப்பிடித்து, அரைவாசி கப்பலும் அரைவாசி மலையுமாகத் தெரியும். காகங்கள் அதில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சுகளும் கூடு கட்டிவிட்டன. ஓட்டோக்காரர்கள் அந்தத் தரிப்பிடத்துக்கே 'கப்பலடி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் மாவட்டத்தில் நான் நட்ட எல்லைக்கற்களில் பாதியை மாடு பிடுங்கிவிட்டது, மீதியைப் பக்கத்துக் காணிக்காரர் பிடுங்கிவிட்டார். அந்தக் கப்பலை மட்டும் யாரும் அசைக்கவில்லை.

பயிற்சிக்கு வருகிற இளசுகளுக்கு நான் முதல் நாள் சொல்கிற பாடம் ஒன்று உண்டு. "அசையக்கூடிய எதையும் குறியாக எடுக்காதே. கட்டியிருக்கிற மாட்டை எடுக்காதே. நிற்பாட்டின லொறியை எடுக்காதே. கொடியில் காய்கிற சாரத்தை எடுக்காதே." கப்பலை எடுக்காதே என்று நான் சொன்னதில்லை. அதை எடுக்கிற அளவுக்கு ஒரு மடையன் எங்கள் தொழிலுக்குள் வருவான் என்று நினைக்கவில்லை.

அன்று விடியற்காலையில் தனியாகவே போனேன். (இரகசியம் காக்க வேண்டுமாம்.) பரிசுகள் மூன்று பெரிய பிளாஸ்டிக் பெட்டிகளில், பொலித்தீன் சுற்றி. வேப்பமரத்தடியில் நின்று கப்பலின் உயர்ந்த கம்பத்தைப் பார்த்து, அதற்கு நேரே இருபத்தேழு மீற்றர் நாடா பிடித்து, இரண்டடி ஆழத்தில் பக்கம் பக்கமாகப் புதைத்தேன். தோண்டின அடையாளம் தெரியக் கூடாது என்று தென்னோலையை இழுத்து இழுத்து மணலைச் சமப்படுத்தினேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு சுத்தமாகச் செய்த வேலை வேறில்லை. போனில் ஒரு பொத்தானை அமத்தியிருந்தால் அந்த இடம் பதிவாகியிருக்கும். "என்னத்துக்கு? கப்பல் நிற்குதே!" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, முதுகைப் பிடித்தபடி வீட்டுக்குப் போய்க் குளித்தேன்.

பத்து மணிக்கு விடுதி பஸ் வந்தது. பிள்ளைகள் பாடினார்கள், ஆடினார்கள், நாங்களும் ஆடினோம். புதையல் வேட்டை இரண்டு மணிக்கு. சிஸ்டர் வந்த உடனேயே சொல்லிவிட்டார்: "நாலு மணிக்கு பஸ் வெளிக்கிட வேணும். பொழுதுபட்டா கந்தளாய் ரோட்டில யானை நிக்கும். பரிசு குடுத்தாலும் குடுக்காட்டிலும் நாலு மணி."

ஒரு மணிக்குச் சாப்பாடு. கிண்ணியாவிலிருந்து எங்கள் அங்கத்தவர் றிஸ்வான் ஏற்பாடு செய்த கோழிப் புரியாணி. நான் இரண்டாம் தரம் போட்டுக்கொண்டிருக்கும்போது கடல் பக்கம் நீளமாக ஒரு சங்கு ஊதியது. பிள்ளைகள் எல்லாரும் ஓடினார்கள். நானும் கோழிக்காலும் கையுமாகப் பின்னால் போனேன். இரண்டு இழுவைப் படகுகள் கயிறு கட்டி அந்தப் பழைய கப்பலை மெதுவாக இழுத்துக்கொண்டு போயின. காகங்கள் மேலே கத்திச் சுற்றின.

"அங்கிள், கப்பல் போகுது! டாட்டா காட்டுங்கோ!"

காட்டினேன். ஒரு கையில் கோழிக்கால், மறு கையால் டாட்டா. "பாவம், மூண்டு வருசம் நிண்ட கப்பல். போயிட்டு வா ராசா" என்று வாழ்த்தும் சொன்னேன். முழுதாக ஒரு நிமிடம் அப்படிச் சந்தோசமாக நின்றிருப்பேன். அதற்குப் பிறகுதான் கோழிக்கால் மணலில் விழுந்தது.

கப்பல் இல்லையென்றால் நேர் இல்லை. நேர் இல்லையென்றால், எனக்குத் தெரிந்ததெல்லாம் பெட்டிகள் மரத்திலிருந்து இருபத்தேழு மீற்றர் தள்ளி இருக்கின்றன என்பது மட்டும்தான். எந்தப் பக்கமாக இருபத்தேழு? கரை முழுக்க ஒரே மணல். நான் ஓலையால் சமப்படுத்தின இடத்தின் மேல் நாற்பது பிள்ளைகளும் காலையிலிருந்து ஓடிப்பிடித்து விளையாடியிருந்தார்கள்.

மனிதன் பயத்தில் செய்கிற முதல் காரியம் புத்தியாக இருக்காது. நான் துறைமுகத்தில் வேலை செய்கிற ஒரு கூட்டாளிக்குப் போன் எடுத்தேன்.

"மச்சான், இப்ப இழுத்துக்கொண்டு போற கப்பலை ஒருக்காத் திருப்பிக் கொண்டுவந்து பழைய இடத்தில விட ஏலுமே? பத்து நிமிசம் காணும்."



"நீ எங்க நிக்கிறாய்? பக்கத்தில ஆராவது நிக்கினமே? போனை அவையிட்டக் குடு" என்றான்.

நேரம் கடத்துவது ஒன்றுதான் வழி. இரண்டு மணிக்குப் புதையல் வேட்டைக்குப் பதிலாக 'யானைக்குக் கண் வைத்தல்' என்று அறிவித்தேன். கண்ணைக் கட்டிவிட்டால், பிள்ளைகள் போய்ப் படத்தில் இருக்கிற யானைக்குக் கண்ணை ஒட்ட வேண்டும். அது முடிந்ததும், மறு கண்ணையும் வைக்க வேண்டும் என்றேன். பிறகு நாகேந்திரம் சேரிடம் போய், "சேர், நீங்கள் காலமை சுருக்கமாப் பேசிப்போட்டீங்கள். பிள்ளையளுக்கு இன்னும் கொஞ்சம் கேக்க ஆசையாம்" என்றேன். சங்கம் தொடங்கின நாளிலிருந்து அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவருடைய கண் கலங்கிவிட்டது. "அளவைச் சங்கிலியின்ர வரலாற்றில இருந்து தொடங்கட்டே?" என்றார். "விரிவாத் தொடங்குங்கோ சேர்" என்றேன்.

அவர் ஒலிவாங்கியைப் பிடிக்க, நான் புரியாணி அகப்பையைப் பிடித்தேன். மரத்திலிருந்து இருபத்தேழு மீற்றர் அளந்து ஓரிடத்தில் தோண்டினேன். இல்லை. நான்கு அடி தள்ளித் தோண்டினேன். இல்லை. ஐந்தாவது குழியில் என் தலைக்கு மேல் ஒரு நிழல். என் மனைவி ஜெயந்தி.

"என்ன செய்யிறீங்கள்?"

"நண்டு பாக்கிறன்."

"புரியாணி அகப்பையால?"

"பெரிய நண்டு."

அவளுக்குப் பின்னால் றிஸ்வான் வந்து நின்றான். அவன் என்னைப் பார்த்தான், குழிகளைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான், பிறகு வெறுமையாகக் கிடந்த கடலைப் பார்த்தான். அவனும் சர்வேயர் அல்லவா?

"அண்ணன்... கப்பலையா குறியா எடுத்த நீங்க?"

நான் அகப்பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அவன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பில் அவனுக்கு மூச்சு வரவில்லை. "மாட்டை எடுக்காத, லொறிய எடுக்காத, சாரத்த எடுக்காத எண்டு எனக்குப் படிச்சுத் தந்த மனிசன்..." என்று சொல்லிச் சொல்லி மணலில் அடித்தான்.

ஜெயந்தி சிரிக்கவில்லை. "பிள்ளையள்ர பரிசெல்லாம்?" என்று மட்டும் கேட்டாள். நான் மணலைக் காட்டினேன். "போய்ச் சொல்லுங்கோ" என்றாள். "இப்ப. சிஸ்டர் மணிக்கூட்டைப் பாக்கிறா."

மேடைக்குப் போகிற அந்த நாற்பது அடி தூரத்தை நான் அளக்கவில்லை. ஆனால் அது நாலு கிலோமீற்றர். நாகேந்திரம் சேர் அப்போதுதான் வெள்ளைக்காரன் காலத்துக்குள் நுழைந்திருந்தார். ஒலிவாங்கியை வாங்கி, எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல், கம்பம், டாட்டா, எல்லாம். முன்வரிசையில் இருந்த ஆகச் சின்னப் பிள்ளை எழும்பிக் கேட்டாள்:

"அப்ப என்ர பேர் எழுதினதும் மண்ணுக்குள்ளயா?"

"ஓம் குஞ்சு" என்றேன். அவள் அழுதிருந்தால் பரவாயில்லை. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள், இப்படித்தான் நடக்கும் என்று முன்பே தெரிந்தவள்போல. அதைப் பார்க்க எனக்கு ஏலாமல் போய்விட்டது.

அப்போது மணி மூன்றேகால். எங்கள் அங்கத்தவர்கள் பொங்கி எழுந்தார்கள். ஒரு சங்கத்துச் சர்வேயர்கள் முப்பது பேரின் முன்னால் ஓர் இடம் தொலைந்தால் என்ன நடக்கும்? முப்பது இடம் கண்டுபிடிக்கப்படும். கப்பல் வெளிச்சவீட்டுக்கு நேரே நின்றது என்றார் ஒருவர். இல்லை, அந்தக் குன்றின் இடப்பக்கத் தோளுக்கு நேரே என்றார் மற்றவர். காரிலிருந்து கருவியை இறக்கி, முக்காலியை நட்டு, கோணம் பிடித்தார்கள். (எங்கள் ஆட்கள் கல்யாண வீட்டுக்குப் போனாலும் காரில் கருவி இருக்கும்.) நாகேந்திரம் சேர் தானே கணக்குப் போட்டு, மணலில் ஒரு சிவப்புக் கொடியைக் குத்தினார்.

"இரண்டு சென்ரிமீற்றருக்குள்ள சரி" என்றார்.

தோண்டினோம். ஒற்றைச் செருப்பு ஒன்று வந்தது. எதிர்க்கட்சி தங்களுடைய கொடியைக் குத்தியது. அங்கே அதுவும் இல்லை. கணக்கை யார் பிழையாகப் போட்டது என்று விவாதம் தொடங்கியது. மணி மூன்றரை. சிஸ்டர் பஸ் சாரதியைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். சாரதி எஞ்சினைப் பார்க்கப் போனார்.

என் சட்டையை யாரோ இழுத்தார்கள். பத்து வயது இருக்கும், இரட்டைப் பின்னல். பெயர் டிலானி என்று பிறகுதான் தெரியும்.

"அங்கிள், மரத்தில இருந்து இருபத்தேழு மீற்றர் எண்டது சரிதானே?"

"அது சரி பிள்ளை. அதில மட்டும் பிழையில்லை."

"அப்ப நாங்கள் நாப்பது பேர் இருக்கிறம். எல்லாரும் இருபத்தேழு மீற்றரில வரிசையா நிண்டா, ஆரோ ஒராள்ர காலுக்குக் கீழதானே இருக்கும்?"

விவாதம் நின்றது. முப்பது சர்வேயர்களும் அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்ததை நான் கண்டேன். விடை அவள் சொன்னதுதான்.

"படிச்ச ஆக்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்க!" என்று றிஸ்வான் கத்தினான்.

நான் நாடாவின் ஒரு முனையை மரத்தோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மறு முனையை டிலானி இழுத்துப் பிடித்தபடி வளைவாக நடந்தாள். அவள் போகப் போக ஓர் எட்டுக்கு ஒரு பிள்ளை நின்றது. அந்த மூலையிலிருந்து இந்த மூலை வரை, கடலைப் பார்த்தபடி, நாற்பது பேர். "தோண்டுங்கோ!"

கோப்பை, சிரட்டை, தேநீர்க் கப், புரியாணிச் சட்டியின் மூடி, யானை ஒட்டியிருந்த மட்டை, எல்லாம் மண்வெட்டி ஆனது. பிள்ளைகளுக்கு நடுவில் அங்கத்தவர்கள் முழங்காலில் விழுந்தார்கள். நாகேந்திரம் சேர் காற்சட்டையை மடித்துவிட்டு, ஒரு பொடியனுடைய குழிக்குள் மண் அள்ளினார். சிஸ்டர் மணிக்கூட்டைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு வெறுங்கையால் பிராண்டினார். மணல் பறந்த பறப்பில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. காலையிலிருந்து நாங்கள் நடத்தின எந்த விளையாட்டிலும் அப்படிச் சிரிப்பு வரவில்லை.

நான் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். நாடாவை விட்டுவிடலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த கடவுள்களையெல்லாம் கூப்பிட்டேன். றிஸ்வானுடைய ஆளையும் விடவில்லை.

"பொலித்தீன்! பொலித்தீன் தெரியுது!"

வலது பக்கத்திலிருந்து ஒரு குரல். அந்த டோச் லைட் பொடியன். மற்றக் குழிகளையெல்லாம் போட்டுவிட்டு எல்லாரும் அவனைச் சுற்றி விழுந்தார்கள். அவன் மூடியைப் பிய்த்துத் திறந்து, முதலில் கைக்கு வந்த பார்சலைத் தூக்கி, மணலை ஊதி, எழுத்தைப் பார்த்தான். அது அவனுடையது இல்லை.

"கவிதா! கவிதாக்கா! உன்ர பேர்!"

பிறகு மேடை இல்லை, வரிசை இல்லை, படம் இல்லை. கைக்கு வந்த பார்சலில் இருக்கிற பெயரைக் கத்திக் கூப்பிட்டு ஆளுக்காள் கொடுத்துக்கொண்டார்கள். நாற்பது பெயரும் அந்தக் கரை முழுக்கக் கேட்டன. ஆகச் சின்னவளுடைய பார்சல் மூன்றாவது பெட்டியில் அடியில் இருந்தது. அதை நான்தான் எடுத்து, பெயரை என்னால் முடிந்த அளவு சத்தமாகக் கத்தினேன். அவள் ஓடிவந்து வாங்கி, பிரிக்காமல், தன் பெயர் மேல் ஒட்டியிருந்த மணலை விரலால் ஓர் எழுத்து ஓர் எழுத்தாகத் தட்டினாள்.

(சிவப்புக் கொடிக்கும் பெட்டிக்கும் இடையில் பதினொரு மீற்றர். இதைச் சங்கத்தின் கூட்டக் குறிப்பில் 'சிறு வழு' என்று பதிந்திருக்கிறார்கள்.)

பஸ் நாலரைக்குத்தான் வெளிக்கிட்டது. சிஸ்டர் படியில் ஏறும்போது திரும்பி, "வழியில யானை மறிச்சா உங்கட பேரைத்தான் சொல்லுவன்" என்றார். யானை மறிக்கவில்லை. என்னுடைய பெயர் அதுவரைக்கும் எட்டியிருக்கும்.

அதன் பிறகு என் வீட்டில் நான் மனிதனாக நடமாடுவது கஷ்டம். துறைமுகத்துக்குள் எந்தக் கப்பல் அசைந்தாலும் ஜெயந்தி என்னைக் கூப்பிட்டு, "அந்தா, உங்கட எல்லைக்கல்லு போகுது" என்பாள். மோட்டார் சைக்கிள் திறப்பைக் காணவில்லை என்று நான் தேடத் தொடங்கினால், என் மகள் உடனே, "எல்லாரும் வரிசையா நில்லுங்கோ! ஆரோ ஒராள்ர காலுக்குக் கீழதான் இருக்கும்!" என்று குசினிக்கும் முற்றத்துக்குமாக ஆட்களை நிறுத்துவாள். அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் வந்து நிற்பார்கள். மானக்கேடு என்னவென்றால், ஒவ்வொரு முறையும் திறப்புக் கிடைத்துவிடும்.

இந்த வருட ஒளிவிழாவுக்கு, பரிசுகளை இரண்டு கருவியாலும் மூன்று நிலையான குறியாலும் பதிவு செய்து முறையாகப் புதைப்பது என்று சங்கம் தீர்மானம் போட்டது. அந்தப் பொறுப்பு றிஸ்வானுக்கு. என்னைப் பலூன் ஊதும் குழுவில் போட்டார்கள். நானும் நல்லது என்று ஒத்துக்கொண்டேன். போன கிழமை விடுதியிலிருந்து பிள்ளைகளின் கடிதங்கள் வந்தன. அந்த நாற்பது கடிதத்துக்கும் மேலாக, டிலானியின் கையெழுத்தில், எல்லாருக்குமாக இன்னொரு கடிதம் இருந்தது. நாகேந்திரம் சேர் அதைக் கூட்டத்தில் வாசித்தார்:

'இந்த முறையும் மண்ணுக்குள்ளே வையுங்கள். குறிப்பு ஒன்றும் தர வேண்டாம். அந்த அங்கிளையே புதைக்கச் சொல்லுங்கள். அவரிடம் கேட்டாலும் அவருக்குத் தெரியாது.'